வீட்டுக்குப் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர்: ஆல்-இன்-ஒன்னா, டவரா?

மேசைவிளக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள ஒரு டெஸ்க்டாப் வாங்கப் போகிறோம். இப்போது இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர் போட்ட பழைய மெஷின். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் கைவிரித்துவிட்டது; விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும் என்கிறார்கள். ஆக, மாற்றியே ஆக வேண்டும்.

யார் யாருக்கு என்ன வேலை என்றால்: மனைவிக்கு நாள் முழுக்க எக்செல், இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். மகள் பத்தாவது, பைத்தான் கற்றுக்கொள்கிறாள். எட்டு வயதுப் பையனுக்கு மைன்கிராஃப்ட். அப்பாவுக்கு வீடியோ கால், கொஞ்சம் செய்தி. எனக்குப் பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்த வேண்டும்.

ஹாலில் ஒரு மூலை, ஒடுக்கமான மேசை. மனைவிக்குத் திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய ஆல்-இன்-ஒன் பிடித்துவிட்டது. ஒரே ஒயர், அழகாக இருக்கும் என்கிறார். எனக்குப் பெட்டி தனி, திரை தனி என்று வரும் டவர் மேல்தான் மனது. குறைந்தது ஏழெட்டு வருடம் ஓட வேண்டும். இரண்டையும் வைத்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பால்கனிப்பூனை எழுதியது:

எங்கள் வீட்டில் ஆல்-இன்-ஒன்தான், குறை ஒன்றும் இல்லை. சத்தமே வராது. அம்மா மவுஸைத் தொடுவதே இல்லை, திரையிலேயே தட்டித் தட்டி வேலையை முடித்துவிடுவார். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு, இருக்க வேண்டும். விலை குறைந்த பழைய மாடல்களில் மெதுவாகச் சுழலும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுத் தள்ளிவிடுகிறார்கள். ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

திருப்புளி எழுதியது:

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். இரண்டு வகையும் என் மேசைக்கு வருகின்றன. வாங்கும் நாளில் பார்த்தால் ஆல்-இன்-ஒன்னில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. பழுதாகும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

சமீபத்தில் ஓர் ஆல்-இன்-ஒன் வந்தது. கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடுகிறது. திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பச்சையாக ஒரு கோடு, அவ்வளவுதான். டவராக இருந்திருந்தால் மானிட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் சொருகி, ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். இதிலோ பின்மூடியை நெம்பி, போர்டைத் தாண்டி, பேனலுக்குப் போகும் பட்டையான கேபிளை முதலில் சந்தேகப்பட வேண்டும். கேபிள் நன்றாக இருந்தது. பேனல்தான் போயிருந்தது. அந்த மாடலுக்கு அதே பேனல் எண்தான் பொருந்தும், அந்த எண் இப்போது தயாரிப்பில் இல்லை. கடைசியில் அதன் எச்டிஎம்ஐ துளையில் வெளி மானிட்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். கோடு விழுந்த திரை பின்னால் நிற்க, அதன் முன்னால் நல்ல திரை.

தலைகீழாக நடப்பதுதான் இன்னும் அதிகம். நல்ல மானிட்டர் பத்து வருடம் சர்வசாதாரணமாக உழைக்கும். கம்ப்யூட்டர் பாதி வழியிலேயே கிழடு தட்டிவிடும். ஆல்-இன்-ஒன்னில் உள்ளே இருப்பது பழசானால் நல்ல திரையும் கூடவே வீண்தான், ஏனென்றால் பெரும்பாலான மாடல்களில் எச்டிஎம்ஐ துளை வழியாகப் படம் வெளியே போகும், உள்ளே வராது. ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்னான ஐமேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வந்த 27 இன்ச் மாடலிலிருந்து 2014-இன் நடுப்பகுதி மாடல்கள்வரை, வேறு கம்ப்யூட்டருக்குத் திரையாக அதைப் பயன்படுத்த வழி வைத்திருந்தார்கள். 2014 கடைசியில் 5கே திரை வந்ததும் அந்த வசதி போய்விட்டது. அவ்வளவு அருமையான திரை, கேபிள் மாட்ட வழியில்லை. கடையில் மெஷினைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ 'இன்' என்று தனியாக ஒரு துளை இருந்தால் அந்த மாடலுக்கு என் மதிப்பெண் கூடும்.

அப்புறம், ஆல்-இன்-ஒன் பெரும்பாலும் ஸ்டாண்டில் நிற்கும் லேப்டாப்தான். பிராசஸர் பெயர் யு எழுத்தில் முடிந்தால் அது லேப்டாப்புக்குச் செய்தது. சுமார் 15 வாட் அளவில் ஓடுவது. டவரில் வரும் சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர் 65 வாட். எக்செல்லுக்கும் பைத்தானுக்கும் 15 வாட் தாராளம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ரேமைப் பிறகு மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சில மாடல்களில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 2021-க்குப் பிந்தைய ஐமேக்குகளில் ரேம் பிராசஸரோடு ஒரே பொட்டலமாக வருகிறது, வாங்கிய அளவோடு சரி.

டவர் என்றாலே எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் டவர் சிலவற்றில் பவர் சப்ளை அவர்களுக்கே உரிய வடிவத்தில் இருக்கும், கனெக்டரும் வேறு. அது போனால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான அளவுகளான ஏடிஎக்ஸ் பவர் சப்ளையா, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டா என்று கேட்டு வாங்கினால்தான் டவர் வாங்கியதற்குப் பலன். அசெம்பிள் செய்வதாக இருந்தால் இன்னொன்று: எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸரில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது.

உங்கள் தேவைக்கு நான் டவர்தான் சொல்வேன். ஆனால் உங்கள் மனைவி சொல்வதை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹாலில் ஒயர் தாறுமாறாகத் தொங்கும் மேசையில் பெரியவர்கள் உட்காரவே யோசிப்பார்கள்.

நிழல்மரம் எழுதியது:

ஏன் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? மினி பிசி இருக்கிறதே, சின்னப் பெட்டிக்குள் முழுக் கம்ப்யூட்டர். மானிட்டருக்குப் பின்னால் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு துளைகள் இருக்கும், வேசா என்பார்கள். மினி பிசியை அதில் தொங்கவிட்டால் பார்வைக்கு ஆல்-இன்-ஒன். திரை வேறு, கம்ப்யூட்டர் வேறு. எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். வாங்கும்முன் ஒன்றைக் கவனியுங்கள்: சில மானிட்டர்களில் ஸ்டாண்டே அந்த நான்கு துளைகளில்தான் பொருத்தப்பட்டிருக்கும். அப்போது மினி பிசிக்கு இடமில்லை.

மேசைவிளக்கு எழுதியது:

திருப்புளி அண்ணா, நிழல்மரம், இருவருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். பச்சைக் கோட்டுக் கதையில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். மினி பிசி என்றதும் முகம் மலர்ந்தது. என் கவலை பையன்தான். இன்றைக்கு மைன்கிராஃப்ட், நாளைக்கு வேறு ஏதாவது கேட்பான். மினி பிசி தாங்குமா? ரேம் எவ்வளவு போடலாம்?

திருப்புளி எழுதியது:

மைன்கிராஃப்ட் சும்மா விளையாட, பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸே போதும். ஷேடர் போட்டு வெயிலும் தண்ணீரும் மின்ன வேண்டும் என்று ஆரம்பித்தால்தான் மூச்சு வாங்கும். அந்த நாள் வரும் என்று நினைத்தால் டவர். பிறகு ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் சொருகலாம். மினி பிசியில் பொதுவாக அதற்கு ஸ்லாட் இருக்காது. அவன் இப்படியே இருப்பான் என்று தோன்றினால் மினி பிசி தாராளமாக வாங்கலாம், மேசையும் தப்பிக்கும்.

ரேம் 16 ஜிபி. ஒரே 16-ஆக வாங்காமல் இரண்டு 8-ஆகப் போடுங்கள். தனி கார்டு இல்லாதவரை கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு கேட்கும். இரண்டு குச்சி இருந்தால் இரட்டைப் பாதையில் ஓடும், விளையாட்டில் கண்ணுக்கே தெரியும். ஸ்லாட் மொத்தமே இரண்டுதான் என்றால், பின்னால் 32-க்குப் போகும்போது அந்த இரண்டையும் கழற்ற வேண்டி வரும். அது பரவாயில்லை.

திரை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவருக்கு 27 இன்ச், 2560 × 1440. சாய மட்டும் செய்யும் ஸ்டாண்ட் வேண்டாம், ஏற்றி இறக்குவதாகப் பாருங்கள். எட்டு வயதுப் பையனும் தாத்தாவும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காரும் வீடு அல்லவா.

பால்கனிப்பூனை எழுதியது:

எல்லாரும் டவர் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், சரி. ஆனால் ஆல்-இன்-ஒன்னில் கேட்காமலே வரும் சிலவற்றை நீங்கள் தனியாக வாங்க வேண்டும்: வெப்கேம், மைக், ஸ்பீக்கர். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், நிறைய மாடல்களில் இருக்காது. வைஃபையும் அப்படித்தான், எல்லா மதர்போர்டிலும் வராது. அப்பா வீடியோ காலுக்கு உட்காரும் முதல் நாளே இத்தனையும் வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

திருப்புளி எழுதியது:

இதை நான் விட்டுவிட்டேன், நன்றி. வைஃபை உள்ள போர்டில் ஆன்டெனா தனியாகப் பையில் வரும், பின்னால் திருகாவிட்டால் சிக்னல் தள்ளாடும். டவரை மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்தால் ஆன்டெனா பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ரவுட்டர் அதே ஹாலில் இருந்தால் பேசாமல் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மேசையின் பின்கால் ஓரமாகக் கிளிப் போட்டுக் கொண்டுபோனால் உங்கள் மனைவி கண்ணில் படாது.