கலைச்சொல்: அடக்குதிறன் பேணல் (வீட்டில் சேர்ப்பிக்கும் பொருள்களின் அரசுக் கொள்முதல்)

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரையோ மலத்தையோ அடக்கச் சிரமப்படுகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் ‘காண்டினென்ஸ் கேர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: அடக்கப் பராமரிப்பு, கசிவுப் பராமரிப்பு, கழிவுக் கட்டுப்பாடு, மருத்துவர் ஐயா முன்வைத்த சிறுநீர் அடங்காமை. நான்கையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கிறேன். இந்தச் சொல் எங்கே போய் உட்காரப் போகிறது? நம்மிடம் கேட்டிருப்பது பாடநூலுக்கான சொல் அல்ல. அதற்கு வேண்டிய பேடு (உடுத்திக்கொள்ளும் உறிஞ்சுபட்டை) போன்ற பொருள்களைப் பொதுப்பணத்தில் வாங்கி, தேவைப்படுவோரின் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துக்கான சொல். வழங்குநர் படிக்கும் விவரக்குறிப்பில் அது வரும். செவிலியர் நிரப்பும் படிவத்திலும் வரும். கடைசியில் அந்த வீட்டில் இருப்பவர் காதிலும் விழும்.

முதலில் ‘அடக்கப் பராமரிப்பு’. அடக்கம் என்றதும் பலருக்கு நல்லடக்கம்தான் நினைவுக்கு வரும். எண்பது வயதுக்காரரின் வீட்டுக்கு ‘அடக்கப் பொருள்கள்’ என்ற தாளோடு ஒருவர் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு இது கொள்முதல் ஆவணம். அடக்கவிலை என்ற சொல் அங்கே ஏற்கெனவே வேறு பொருளில் குடியிருக்கிறது. ‘அடக்கப் பொருள்களின் அடக்கவிலை’ என்று ஒரு பத்தி எழுதினால் கணக்குப் பிரிவில் இருப்பவரே தடுமாறுவார். ‘பராமரிப்பு’ என்பதிலும் இதே சிக்கல். ஒப்பந்த மொழியில் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் மின்தூக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுதோறும் போடுவது.

‘கசிவு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. மென்மையான சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் இந்தத் துறையில் கசிவு என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பேடு நனைந்து ஓரமாக வழிந்து படுக்கையை எட்டுவதுதான் வழங்குநர் பொறுப்பேற்க வேண்டிய கசிவு, அதாவது பொருளின் குறை. மனிதரின் நிலைக்கும் அதே பெயரை வைத்தால், ‘கசிவு பற்றிய புகார்’ யாரைப் பற்றியது என்று ஒப்பந்தத்தில் தெரியாமல் போகும். கசிவைப் பேடுக்கே விட்டுவிடுவோம். ‘கழிவு’ம் அப்படித்தான். பயன்படுத்திய பேடுகளை அகற்றும் பிரிவுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

‘அடங்காமை’ பற்றி மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். மருத்துவக் குறிப்பில் அது நெடுநாளாகப் புழங்குகிறது என்பது சரி. ஆனால் பள்ளியில் அடக்கமுடைமை படித்த யாருக்கும் அடங்காமை என்றால் குணக்கேடு என்றுதான் மனதில் பதிந்திருக்கும். உடம்பு செய்வதற்கு மனிதரைக் குற்றம் சாட்டுகிற சொல்லைப் படிவத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

என் சொல்லுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்கிறேன். அம்மாவை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். முதன்முதலில் கூடத்தில் தரை நனைந்த அன்று அவர் சுவரைப் பிடித்தபடி நின்றார். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் முன்னால் இழுத்துப் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அடக்க முடியலடா” என்றார், அவ்வளவுதான். அப்புறம் பல வீடுகளில் இதையேதான் கேட்டிருக்கிறேன்: அடக்க முடியல, அடக்கத் தெரியல, அடக்கிக்கிட்டே வந்தேன், வாசப்படி வரைக்கும்தான் தாங்குச்சு. மக்கள் வாயில் இருப்பது ‘அடக்கம்’ என்ற பெயர்ச்சொல் இல்லை, ‘அடக்கு’ என்ற வினை. அந்த வினையை அப்படியே எடுத்துக்கொண்டால் சவ அடக்கமும் குறுக்கே வராது, குணமும் வராது.

ஆகவே என் முன்வைப்பு அடக்குதிறன். உறிஞ்சுதிறன், தாங்குதிறன் போல இதுவும் வினைத்தொகை, நடுவே வல்லினம் மிகாது. இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ஆவணம் முழுக்க மனிதருக்கு அடக்குதிறன், பொருளுக்கு உறிஞ்சுதிறன் என்று இரண்டும் இணையாக ஓடும். முன்னது எவ்வளவு குறைந்திருக்கிறதோ, பின்னது அவ்வளவு தேவை என்று படித்த உடனே விளங்கும்.

எதிர்ச்சொல்லாக ‘அடக்குதிறனின்மை’ வேண்டாம், ‘அடக்குதிறன் குறைவு’ போதும். இருமினால், தும்மினால் சில சொட்டுப் போகிறவர் உண்டு. உந்துதல் வந்த பிறகு கழிப்பறை வரை தாங்காதவர் உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறவர் உண்டு. சிறுநீர்ப்பை நன்றாக இருந்தும் முட்டிவலியால் எழுந்து நடப்பதற்குள் நனைந்துவிடுகிறவரும் உண்டு. இவர்களில் பலருக்குத் திறன் இல்லாமல் போகவில்லை, குறைந்திருக்கிறது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியாலும், சிறுநீர்ப்பைப் பயிற்சியாலும், சில நேரம் கட்டிலருகே ஒரு கழிப்பறை நாற்காலி போடுவதாலும் மீள்கிறவர்கள் இருக்கிறார்கள். மலத்துக்கும் இதே சொல் பொருந்துகிறது. சிறுநீர் என்று முன்னொட்டுப் போட்டிருந்தால் அது நடக்காது.

அளவுகோலை யார் கையில் கொடுப்பது என்பதிலும் உலகம் மாறியிருக்கிறது. 1971இல் தொடங்கிய பன்னாட்டு காண்டினென்ஸ் சங்கத்தின் பழைய வரையறை, சமூகத்துக்கோ சுகாதாரத்துக்கோ சிக்கலாக இருக்க வேண்டும், புறத்தே மெய்ப்பிக்கவும் பட வேண்டும் என்றது. 2002இல் வந்த வரையறை, தன்னை அறியாமல் சிறுநீர் போகிறது என்று ஒருவர் குறை சொன்னாலே போதும் என்று மாற்றியது. ‘அடக்க முடியல’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மருத்துவமே இடம் கொடுத்துவிட்டது. நம் சொல்லும் அந்த வாக்கியத்திலிருந்து வந்தால் என்ன?

‘கேர்’ என்பதற்குப் பேணல். இந்தக் கவனிப்பில் பேடு ஒரு பகுதிதான். யாருக்கு எந்த வகை, நாளுக்கு எத்தனை என்று செவிலியர் மதிப்பிடுவதும், சில மாதம் கழித்து மறுமதிப்பீடு செய்வதும், தோல் புண்ணாகாமல் பார்ப்பதும் சேர்ந்ததே பேணல். பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டு மறுமதிப்பீட்டை மறந்தால், மீளக்கூடியவரும் பேடோடு தங்கிவிடுவார். ஒப்பந்தம் ‘பொருள்கள்’ என்று மட்டும் பேசினால் அப்படித்தான் நடக்கும். எனவே தலைப்பில் அடக்குதிறன் பேணற்பொருள்கள் என்று இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிப் பொருள்களின் பட்டியலில் உறிஞ்சும் வகைப் பொருள்களும் இடம்பெற்றன. சக்கர நாற்காலி, காதொலிக் கருவி வரிசையில் வைத்துப் பேச வேண்டிய பொருள் இது. ஆகவேதான் ‘டயப்பர்’, ‘அணையாடை’ இரண்டையும் பெரியவர்களுக்கு வேண்டாம் என்கிறேன். அணையாடை அழகான சொல், ஆனால் அது தொட்டிலோடு சேர்ந்தது.

அடுத்து ‘வீட்டுக்கு’ என்ற பகுதி. ‘இல்ல விநியோகம்’ என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். ‘இல்லம்’ என்றால் இன்று முதியோர் இல்லமும்தான். கொள்முதலில் இது பெரிய வேறுபாடு. இல்லத்துக்குப் போகும்போது ஒரே முகவரியில் பலருக்கான சரக்கு இறங்கும், வைக்க அறை இருக்கும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பெட்டியும் ஒருவர் பெயரில் போகும். மாடி ஏற வேண்டியிருக்கும். கதவைத் திறக்கவே பத்து நிமிடம் ஆகலாம், பல வாரத்துச் சரக்கை அடுக்க இடமும் இருக்காது. இரண்டுக்கும் விலை வேறு, வேலை வேறு. அதனால் தனிவீட்டுக்கு வீடு, நிறுவனத்துக்கு இல்லம் என்று பிரித்துவிடுவோம். ‘விநியோகம்’ வண்டி கிளம்புவதோடு முடிந்தது போலத் தொனிக்கிறது. ‘உரியவரிடம் சேர்ப்பிக்கவும்’ என்று உறைமேல் எழுதுவோமே, அந்தச் சேர்ப்பித்தல்தான் இங்கே வேண்டும். உரியவர் கைக்குப் போனால்தான் வேலை முடிந்தது.

‘பொதுக் கொள்முதல்’ என்றால் ‘பொதுவான’ என்று படிக்க இடமிருப்பதால் தலைப்பில் ‘அரசுக் கொள்முதல்’ போதும். உள்ளாட்சி, பொது மருத்துவமனை எல்லாம் அடங்கும் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் சரி.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு சொற்களைப் பற்றி.

ஒன்று, பேடின் அளவு. ஐஎஸ்ஓ 11948-1 என்ற 1996ஆம் ஆண்டுத் தரநிலையில் ஒரு சோதனை உண்டு, ராத்வெல் முறை என்பார்கள். பேடை முழுதாகத் திரவத்தில் மூழ்கவிட்டு, வடியவிட்டு, எடைக்கூடுதலைப் பார்ப்பது. அதில் வரும் எண், அந்தப் பேடு மொத்தமாகப் பிடிக்கக்கூடிய அளவு. ஆனால் படுத்திருப்பவருக்கு ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் வரும்போது அந்த எண்ணை எட்டுவதற்கு வெகுமுன்பே ஓரம் வழியும். இரண்டையும் ‘உறிஞ்சுதிறன்’ என்று ஒரே சொல்லால் குறித்தால் விவரக்குறிப்பில் பெரிய எண் எழுதியவர் வெல்வார், நனைவது படுக்கை. ஆய்வகத்தில் மூழ்கவைத்து அளந்ததை முழுக் கொள்ளளவு என்றும், உடுத்தியிருக்கும்போது கசியாமல் தாங்குவதைப் பயன்பாட்டுக் கொள்ளளவு என்றும் பிரித்தே எழுத வேண்டும். பயன்படுத்துவோரும் பார்த்துக்கொள்வோரும் சொல்வதை வைத்து மதிப்பிட ஐஎஸ்ஓ 16021 என்ற தனித் தரநிலையே 2000இல் வந்தது.

இன்னொன்று விலை. ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டில் ‘ஒன்றின் விலை’ என்ற பத்தி மட்டும் இருந்தால் மெல்லிய பேடு மலிவாகத் தெரியும். அதையே நாளுக்கு ஐந்து முறை மாற்றினால், நல்ல பேடு மூன்றுக்கு ஆகும் செலவைத் தாண்டிவிடலாம். துவைக்கும் விரிப்பும், இரவில் எழுந்து மாற்றுபவரின் தூக்கமும் தனி. என் அம்மா கட்டியிருந்த பேடின் அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். நனைந்தால் நீலமாகும். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். மலிவுப் பேடு வந்த மாதங்களில் எப்போது பார்த்தாலும் நீலம்தான். ஆகவே ஒப்பீட்டுத் தாளில் நாட்செலவு என்ற சொல் கட்டாயம் வரட்டும். ஒரு மனிதரை ஒரு நாள் உலர்ந்திருக்கச் செய்ய ஆகும் மொத்தச் செலவு என்று அதை வரையறுக்கலாம்.

கடைசியாக, தமிழ் இலக்கணம் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது: இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தேன்’ என்று சொல்லி மானத்தைக் காத்த மொழி இது. அந்தப் பெயரிலும் ‘அடக்கல்’ இருப்பதை நண்பர் ஒருவர் நேற்று நினைவூட்டினார், மகிழ்ந்தேன். ஒப்பந்தத்துக்குள் நாம் வெளிப்படையாகப் பெயர் சொல்லியாக வேண்டும், அளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் அந்தப் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் என்ன பொருள் என்று அச்சடித்திருந்தது. கொண்டுவந்தவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாடிப்படி ஏறிய எல்லோரும் படித்திருப்பார்கள். அம்மா அதை உள்ளே இழுக்கச் சொல்லி, அட்டையைப் பிரித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து ஒட்டித் தரச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் அதைச் செய்தேன்.

‘குறியிடாப் பொதி’ என்று ஒரு சொல்லும் அதற்கு இரண்டு வரி விளக்கமும் எழுதிப் பார்த்திருக்கிறேன்: வெளிப்புறத்தில் பெறுபவர் பெயர், முகவரி, பொதி எண் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. ‘குறியிடா’ சரியா, ‘வெறும்’ போதுமா என்று சொல்லுங்கள். ‘பயனாளி’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. அது சலுகை வாங்குகிறவர் போல இருக்கிறது. ‘நோயாளி’யும் சரியல்ல. ‘பெறுநர்’ போடலாமா?

அன்புடன்.