மெஸே தட்டுகள்: பகிர்ந்து சாப்பிடும் சுகமா, பில்லை ஏற்றும் வித்தையா?

சேந்தமங்கலம் சேகர்:
சமீபத்தில் இரண்டு குடும்பமாக, ஆறு பேர் ஏதென்ஸ் போயிருந்தோம். ப்சிரி பகுதியில் ஒரு உணவகம், பெயர் வேண்டாம். நீல நாற்காலி, வாசலில் காகிதப்பூ, நன்றாகச் சிரிக்கும் பரிமாறுபவர். "ஆளுக்கு ஒரு பெரிய தட்டு எதற்கு, மெஸே என்று சின்னச் சின்னத் தட்டாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள், எங்கள் வழக்கமே அதுதான்" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

முதலில் இறைச்சி உருண்டை வந்தது. கெஃப்தேதாகியா என்றார்கள். ஆறு பேருக்கு ஐந்து உருண்டை! பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் எலுமிச்சைத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்து சுட்ட ஆக்டோபஸ், ஒரே ஒரு கால், 16 யூரோ. தயிர்ப் பச்சடி வந்தது, தொட்டுக்கொள்ள ரொட்டி தீர்ந்துபோயிருந்தது. ரொட்டி வந்தபோது பச்சடி இல்லை. ஒவ்வொன்றையும் வாங்கும்போது ஏழெட்டு யூரோதானே என்றுதான் தோன்றுகிறது. பில் 150ஐத் தாண்டியது. கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு. வெளியே வந்து பிள்ளைகளுக்கு யீரோஸ் (சுட்ட இறைச்சி சுற்றிய ரொட்டிப் பொட்டலம்) வாங்கிக் கொடுத்தபிறகுதான் தூங்கினார்கள்.

என் கேள்வி இதுதான். சாப்பாட்டைத் துண்டு துண்டாக விற்றால் வாங்குபவனுக்குக் கணக்கு தெரியாது. அதைத்தவிர இந்த மெஸேயில் வேறென்ன இருக்கிறது?

வடகாற்று:
சேகர் சார், நான் தெசலோனிகியில் சில வருடமாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கடையைக் காப்பாற்ற எனக்கு ஆசையில்லை, அப்படிப்பட்ட கடைகள் இங்கே நிறைய உண்டு. ஆனால் ஒரு கடையை வைத்து முறையையே தூக்கிலிடாதீர்கள்.

மெஸே வயிறு நிறைய வந்த சாப்பாடு இல்லை. குடியோடு வந்தது. ஊசோவோ ட்சிப்புரோவோ 40 சதவீத ஆல்கஹாலை ஒட்டி இருக்கும் சரக்கு. வெறும் வயிற்றில் குடித்தால் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஒரு வாய்க்கு உப்பாக, புளிப்பாக, எண்ணெய்ப் பசையாக ஏதாவது. ஊசோவில் தண்ணீர் விட்டதும் பால்போல வெளுக்கும், சோம்பின் எண்ணெய் பிரிவதால். அந்த வெள்ளை டம்ளரை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசுவார்கள். தட்டுக்கு நடுவே தட்டு வரும், யாரும் அதைத் தீர்க்க அவசரப்பட மாட்டார்கள்.

இதை ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்றால் வோலோஸ் என்ற துறைமுக ஊருக்குப் போங்கள். அங்கே ட்சிபுராதிகோ என்று கடைகள். 50 மில்லி ட்சிப்புரோ சின்னக் குப்பியில் கேட்பீர்கள், சோம்பு போட்டதா போடாததா என்று மட்டும் கேட்பார்கள். குப்பியோடு ஒரு தட்டு தானாக வரும். முதல் சுற்றில் ஊறுகாய், ஆலிவ், ஒரு துண்டு உப்பு மீன். அடுத்த குப்பிக்கு மட்டியோ பொரித்த கணவாயோ. நேரம் ஆக ஆக இறால், ஆக்டோபஸ். என்ன வரும் என்று தீர்மானிப்பது சமையலறை. அதே மேசைக்கு ஒரே தட்டு மறுபடி வந்தால் சமையல்காரருக்கு மானக்கேடு. பழைய முறையில் குப்பிக்குத்தான் விலை, தட்டுக்கு இல்லை. இப்போது பட்டியல் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

1922க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்டு வந்த அகதிகள் அந்த ஊரின் நேயா இயோனியா பகுதியில் குடியேறினார்கள். அவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் சேர்ந்து வளர்த்த வழக்கம் இது என்றுதான் ஊரில் சொல்வார்கள். கையில் அதிகம் காசில்லாதவர்கள் உண்டாக்கியதைப் போய் பில்லை ஏற்றும் வித்தை என்கிறீர்கள்.

சேந்தமங்கலம் சேகர்:
அதாவது டாஸ்மாக் பாரில் வைக்கும் சைடிஷ். அதைக் குடும்பத்தோடு வந்தவனிடம் இரவுச் சாப்பாடு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

டான்ஃபோர்த் தம்பி:
ஓம் அண்ணை, நான் சேகர் அண்ணையின் பக்கம். டொராண்டோவில் டான்ஃபோர்த் தெருவுக்குக் கிட்ட இருக்கிறேன், கிரேக்கக் கடைகளுக்கு இங்கே குறைவில்லை. நல்லதும் இருக்கிறது. ஆனால் 'பகிர்வுத் தட்டு' என்று ஒரு நாகரிகம் வந்தபிறகு சனம் ஏமாறுகிறது.

சகானாகி என்று ஒன்று, கட்டிப் பாலாடைக்கட்டியை மாவில் புரட்டிப் பொரிப்பது. மேசைக்கே கொண்டுவந்து பிராந்தி ஊற்றித் தீ வைத்து "ஓபா!" என்று கத்துவார்கள். எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். பெரிய பகிடி என்னவென்றால் அந்தத் தீ கிரீஸிலிருந்து வந்ததே இல்லை. சிகாகோ கிரீக்டவுனில் பார்த்தினான் என்ற உணவகத்தில் 1968இல் தொடங்கியது என்பார்கள். அந்தக் கடை 2016இல் மூடிவிட்டார்கள், தீ மட்டும் அணையவில்லை. பக்கத்தில் ஹம்மூஸ் வைப்பார்கள், அது லெபனான் பக்கத்துச் சாமான். இரண்டுக்கும் சேர்த்து நல்ல காசு. படத்துக்கும் சத்தத்துக்கும் கொடுக்கிற காசுதானே அது?

வடகாற்று:
தம்பி, இங்கே சகானாகிக்குத் தீயும் இல்லை, கத்தலும் இல்லை. இரண்டு காது வைத்த சின்ன இரும்புச் சட்டியில் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் நெகிழ்ந்து வரும். எலுமிச்சையைப் பிழிந்து, உறைவதற்குள் சாப்பிடவேண்டும். இரண்டு நிமிடம் போனால் ரப்பர். நாலு பேருக்கு நாலு வாய், அவ்வளவுதான். இதைப் பெரிய தட்டில் ஒரு ஆளுக்கு வைத்தால் பாதிக்குமேல் இறங்காது. தட்டு சின்னதாக இருப்பதற்கு சிலவற்றில் காரணம் இருக்கிறது.

கோவை பத்மா:
குடிக்காதவள், சைவம். என் கட்சியை யாரும் பேசவில்லை, அதனால் நானே வருகிறேன்.

ஐரோப்பாவில் எங்கே போனாலும் சைவத்துக்கு ஒரு பாஸ்தா, ஒரு காளான் சாதம், அவ்வளவுதான். பெரிய தட்டு முறையில் நமக்கு ஒரே வரி. கிரீஸில் மட்டும்தான் பட்டியலின் பாதியை நான் சாப்பிடமுடிந்தது, அதுவும் இந்தச் சின்னத் தட்டுகளால். கிகாந்தெஸ் என்று கட்டைவிரல் அளவு வெள்ளை மொச்சை, தக்காளியில் அடுப்பில் வைத்து ஓரம் கருகும்வரை வேகவைத்தது. ஹோர்தா, வேகவைத்த காட்டுக் கீரை, எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும். சாண்டோரினி ஃபாவா: மஞ்சள் பருப்பை மசித்து மேலே பச்சை வெங்காயம், கேப்பர், நடுவில் குழி பறித்து ஆலிவ் எண்ணெய். (அந்தப் பருப்பு நம் ஊர்க் கேசரிப் பருப்பின் பேரினத்தைச் சேர்ந்ததாம். கேசரிப் பருப்பை அதிகம் தின்றால் கால் முடங்கும் என்பார்கள். ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன், அவர் அதன்பின் என் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார்.)

இதெல்லாம் தற்செயல் இல்லை. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபையில் விரதம் அதிகம். ஈஸ்டருக்கு முன் பெருவிரதம், கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள், அதுபோக புதனும் வெள்ளியும். இறைச்சி, பால், முட்டை எல்லாம் விலக்கு, பல நாட்களில் மீனும். அதனால் எண்ணெயில் வெந்த காய்கறிக்கு லாதெரா என்று ஒரு சமையல் வரிசையே வளர்ந்திருக்கிறது. "நிஸ்டிசிமா" என்று கேளுங்கள், விரத உணவு கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ரத்தம் இல்லாத பிராணி என்று ஆக்டோபஸ், கணவாய், இறால் எல்லாம் அவர்களுக்கு விரதத்தில் சேரும். அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும்.

இன்னும் இரண்டு கண்ணிவெடி. திராட்சை இலைச் சுருள் ஆறி, எலுமிச்சையோடு வந்தால் பெரும்பாலும் சாதம் மட்டும்தான். சூடாக, முட்டை எலுமிச்சைக் குழம்போடு வந்தால் உள்ளே கொத்துக்கறி. இளஞ்சிவப்பாக அழகாக ஒரு தொக்கு வரும், தரமோசலாட்டா. அது மீன்முட்டை. நல்ல கடையில் அந்தச் சிவப்புகூட இருக்காது, வெளிறிய நிறம்தான்.

சேகர் அண்ணா, நாலு பேர் ஒரே மேசையில் இரண்டு பேர் சைவம், இரண்டு பேர் அசைவம் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் ஹோட்டல்களில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். சாப்பாட்டைப் பற்றி ரசனையாகப் பேசும் இழைகளில் எனக்கு வேலையில்லை, இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒன்று. தட்டில் நாலு உருண்டை இருந்தாலும் பத்து இருந்தாலும் கழுவும் கூலி ஒன்றே, பரிமாறுபவர் நடக்கும் நடை ஒன்றே, சமையல்காரர் கையலம்பிச் சட்டி வைக்கும் நேரம் ஒன்றே. அளவைப் பாதியாக்கினால் செலவு பாதியாகாது. ஆகவே விலையும் பாதியாகாது. இதில் சதி ஒன்றும் இல்லை. பசியோடு வந்தவன் சின்னத் தட்டில் வாங்கினால், வயிற்றுக்குப் போவதைவிடப் பாத்திரம் கழுவுவதற்கு அதிகம் கொடுக்கிறான்.

இரண்டாவதுதான் பெரியது, அதை யாரும் பேசுவதில்லை. ஆறு பேருக்கு ஆறு தட்டு என்றால் ஆறும் ஒரே நேரத்தில் வெளியே போகவேண்டும். சமையலறையில் அதுதான் தலைவலி. ஒருவரின் மீன் தாமதமானால் மற்ற ஐந்தும் ஆறிப்போகும். "எங்கள் தட்டுகள் தயாரானவுடன் வரும், பகிர்ந்து சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் அந்தத் தலைவலி முழுக்க வாடிக்கையாளர் மேசைக்கு மாறிவிடுகிறது. சேகரின் பச்சடியும் ரொட்டியும் சந்திக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். லண்டனிலும் மெல்போர்னிலும் புதுக் கடைகள் எல்லாம் இந்த முறைக்குத் தாவியதில் பண்பாட்டுப் பற்று எவ்வளவு, சமையலறை வசதி எவ்வளவு என்று யோசியுங்கள்.

பில் பிரிப்பதைப் பற்றி: ஆக்டோபஸ் சாப்பிட்டவரும் வெள்ளரிக்காய் சாப்பிட்டவரும் சமமாகப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. பத்மா மேடம் இதைக் கவனிக்கவும்.

கோவை பத்மா:
கவனித்தேன். எங்கள் குழுவில் ஊசோவைத் தனியாகப் போட்டுவிட்டு மீதியைச் சமமாகப் பிரித்தோம். மொச்சைத் தட்டை நான் ஒருத்தியே முடித்தேன், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே சரியாகப் போயிற்று.

டான்ஃபோர்த் தம்பி:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன், இவ்வளவு வடிவாகச் சொல்லத் தெரியவில்லை. வோலோஸில் குப்பிக்கு விலை, தட்டு கூடவே வரும். டொராண்டோவில் குப்பிக்கும் விலை, தட்டுக்கும் விலை. பெயர் மட்டும் ஒன்று.

வடகாற்று:
கணக்குப்பிள்ளை ஐயாவின் முதல் கணக்கு சரி. இரண்டாவதில் பாதிதான் ஒப்புவேன். லண்டன் கடைக்கு அது வசதிக்காக வந்திருக்கலாம். இங்கே மெசெதோபொலியோ என்ற மெஸே கடைகளில் தட்டு ஒவ்வொன்றாக வருவதைத்தான் மக்கள் விரும்புகிறார்கள். எல்லாம் ஒன்றாக வந்தால் "எங்களைத் துரத்துகிறார்களா?" என்று கேட்பார்கள். முழுப் பட்டியலையும் முதலிலேயே சொல்லிவிடுவது வெளியூர்க்காரர் பழக்கம். உள்ளூர்க்காரர் மூன்று நாலு தட்டு சொல்வார், குடிப்பார், சுற்றிலும் அடுத்த மேசைக்கு என்ன போகிறது என்று பார்ப்பார், அப்புறம் கையைத் தூக்குவார்.

பசித்த பிள்ளைகளோடு போகிறவர்கள் மெசெதோபொலியோவுக்குப் போகக்கூடாது, தவேர்னா என்ற சாப்பாட்டுக் கடைக்குப் போகவேண்டும். அங்கே மயிரெஃப்தா என்று காலையிலேயே சமைத்துவைத்த அடுப்புப் பண்டங்கள் இருக்கும்: கொண்டைக்கடலை, அடைத்த தக்காளி, கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய மூசாக்கா. ஆளுக்கு ஒரு தட்டு, வயிறும் நிறையும். (மூசாக்காதான் ஆதிகாலத்து அசல் உணவு, மெஸே துருக்கிச் சரக்கு என்று யாராவது கிளம்புவதற்குமுன் சொல்லிவிடுகிறேன். மூசாக்காவின்மேல் இருக்கும் பெஷமெல் என்ற வெள்ளைக் குழம்பு ட்செலெமெந்தெஸ் என்ற சமையல் நிபுணர் 1920களில் பிரெஞ்சு பாணியில் ஏற்றியது.)

சேகர் சார், ஒன்று கேட்கிறேன். உங்கள் பில் அச்சடித்த ரசீதா, கையால் எழுதிய துண்டுச்சீட்டா?

சேந்தமங்கலம் சேகர்:
துண்டுச்சீட்டு. மேசைமேல் விரித்திருந்த காகிதத்தின் மூலையிலேயே கூட்டிக் கிழித்துக் கொடுத்தார். ஏன்?

வடகாற்று:
இங்கே சட்டப்படி ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. இந்த வாசகம் உணவுப் பட்டியலிலேயே, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கும். "அபோதிக்சி" என்று ஒரு சொல் போதும், கேட்டவுடன் மெஷினில் அடித்துக் கொண்டுவருவார்கள். கொண்டுவரும்போது கூட்டலும் சில சமயம் திருந்திவிடும். ரொட்டிக் காசு பட்டியலில் "கூவேர்" என்று ஒரு வரியாக இருக்கும், வேண்டாம் என்றால் வைக்கும்போதே சொல்லவேண்டும். மீன் கிலோ விலை, தட்டு விலை இல்லை, எடை பார்த்தபிறகு ஆர்டர் கொடுங்கள். உறைந்த மீன் என்றால் அருகில் நட்சத்திரக் குறியோ சுருக்கெழுத்தோ இருக்கும். அதே விலைக்கு அதை வாங்காதீர்கள்.

சேந்தமங்கலம் சேகர்:
பாருங்கள், சாப்பிடப் போகிறவன் சட்டம் படிக்கவேண்டும், எடைக்கல் பார்க்கவேண்டும், ரொட்டியைத் திருப்பி அனுப்பவேண்டும், விரத நாள் தெரிந்திருக்கவேண்டும், கடையின் வகை தெரிந்திருக்கவேண்டும். இவ்வளவும் தெரிந்தவனுக்கு மெஸே அருமையாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கு அந்த யீரோஸ் கடை போதும். சுட்ட இறைச்சி, தக்காளி, வெங்காயம், உருளை வறுவல் எல்லாம் ஒரே பொட்டலம். விலை பலகையில் எழுதியிருக்கிறது. ஐந்து யூரோ கொடுத்தேன், மீதி கொடுத்தார்.

கோவை பத்மா:
அந்தப் பொட்டலத்தில் எனக்கு என்ன இருக்கிறது அண்ணா? உருளை வறுவலா?

சேந்தமங்கலம் சேகர்:
இறைச்சி இல்லாமல் கேட்டாலும் சுற்றித் தருவார்கள். விலை இன்னும் குறைவு.

கணக்குப்பிள்ளை:
வடகாற்று தம்பி, ஏதென்ஸிலிருந்து வோலோஸ் போக எவ்வளவு நேரம்? மருமகன் அழைத்துப்போகிறேன் என்கிறான். நான் குடிப்பதில்லை. குப்பி வாங்காமல் தட்டு மட்டும் தருவார்களா?

வடகாற்று:
பஸ்ஸில் நாலு மணி நேரத்தை ஒட்டி ஆகும் ஐயா. மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேருங்கள், அங்கே அதுதான் நேரம். துறைமுகத்தை ஒட்டிய ஆர்கொனாஃப்தோன் கரையோரமாக வரிசையாகக் கடைகள், கூட்டம் வேண்டாமென்றால் நேயா இயோனியா பக்கம் உள்ளே போங்கள். குடிக்காதவர்களுக்குத் தட்டைத் தனி விலையில் தரும் கடைகள் உண்டு, உட்காரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மருமகன் குடிக்கட்டும், தட்டு எப்படியும் மேசைக்கு நடுவில்தான் வரும்.