கடல் நிறம் மாறும் நாட்களில் குளியலைத் தடுக்க வேண்டுமா?

நாகூர்க்காரி எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும், விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சில்லடிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். போரடிக்கும் களத்தில் காற்றில் பறந்து படியும் வைக்கோல் தூசியைப் போல, பழுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு படலம் கரையோர நீரில் பட்டை பட்டையாக மிதந்துகொண்டிருந்தது. அலை ஒதுக்கிய இடங்களில் அது காய்ந்து வெளிறிய ஊதா நிறக் கறையாகப் படிந்திருந்தது. அருகில் போனால் அழுகல் வாடை வீசியது. என்னவென்று தெரியாமலேயே பிள்ளைகள் குளித்துவிட்டார்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் இருவருக்கு இடுப்பிலும் தொடையிலும், ஈர உடை ஒட்டியிருந்த இடங்களில் எல்லாம் தடிப்பு எழும்பி அரிக்கத் தொடங்கியது. மறுநாள் உரிய அலுவலகம் ஒன்றில் முறையிட்டபோது, கடலின் நிறத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரை கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். நீரின் நிறம் மாறி, பாசி மிதக்கும் நாட்களில் சிவப்புக் கொடி கட்டிக் குளியலை முழுமையாகத் தடுக்க வேண்டும்.

கரைவலை எழுதியது:

பிள்ளைகளுக்கு அரிப்பு எடுத்தது வருத்தமான செய்தி, சகோதரி. ஆனால் நீங்கள் கேட்கும் தடையை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அக்கரைப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். சித்திரையிலும் வைகாசியிலும் காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும் நாட்களில் இந்தத் தூசி மிதப்பதை என் தகப்பனாரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்து வருகிறேன். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று நன்றாக எழுந்துவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன். அதன் அறுந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கலந்திருக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதங்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் கரையில் சுண்டலும் வறுத்த மீனும் விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். நிறம் மாறிய நாளெல்லாம் சிவப்புக் கொடி என்றால், படகும் கட்டிக்கிடக்கும், கரையும் வெறிச்சோடிக் கிடக்கும். எங்கள் கடலின் நிறம் எந்த நாளில்தான் மாறாமல் இருக்கிறது? வண்டல் கலங்கினால் செம்மண் நிறம், வாடைக்காலத்தில் சாம்பல் நிறம்.

நுண்ணோக்கி எழுதியது:

கல்லூரியில் கடல்சார் உயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் சில விளக்கங்கள். நாகூர்ச் சகோதரி சொல்லும் வைக்கோல் தூசி, ஊதாக் கறை, வாடை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அது டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் இது நீரின் மேலே மிதக்கும். வெயிலும் அமைதியான நீரும் கூடினால் பெருகும். காற்று கரைப்பக்கம் தள்ளினால் ஒதுங்கி அழுகும். அழுகும்போது உள்ளிருக்கும் நிறமி கசிவதால்தான் அந்த ஊதா நிறம் வருகிறது. செங்கடலுக்கு அப்பெயர் வரக் காரணமே இந்தப் பாசிதான் என்று கருதுவோர் பலர். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆகவே இது மிதப்பதை மட்டும் வைத்து ஊர்க் கழிவு கலந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

பலரும் இதோடு குழப்பிக்கொள்ளும் வேறொன்று நாக்டிலூகா என்னும் ஒற்றை உயிரணுக் கடலுயிர். 2019ஆம் ஆண்டு மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது இதனால்தான். அப்பகுதி மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். இரவில் அலையை நீல ஒளியாக மினுங்கச் செய்வதும் இதே உயிர்தான். இது நேரடியாக நஞ்சு உமிழ்வதில்லை. பெருந்திரளாக மடியும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்துபோவதும் அம்மோனியா வெளியேறுவதும் மீன்களைக் கொல்கின்றன.

அரிப்பைப் பற்றிக் கரைவலை அண்ணன் சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. சொறிமீன் இழை பட்டால் அந்த நொடியே எரியும். பட்ட இடம் கோடு கோடாகத் தடிக்கும். உடை ஒட்டிய இடங்களில் மட்டும் சில மணி நேரம் கழித்து எழும்பும் தடிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. பாசித் துணுக்குகளோ மிக நுண்ணிய கடலுயிர்களோ துணிக்கும் தோலுக்கும் இடையே சிக்கிக்கொண்டால் அப்படி நேரும். குளித்தவுடன் உடையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

அதிரைவாசி எழுதியது:

எங்கள் அதிராம்பட்டினம், மனோரா பக்கத்திலும் கோடையில் பச்சையும் பழுப்புமாகக் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. வெளியூரார் அதையும் பாசி என்று அஞ்சுகிறார்கள். அது வேரும் இலையும் உள்ள கடற்புல். அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காகத்தான் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கரையில் ஒதுங்கியதையெல்லாம் பார்த்துக் கொடி கட்டினால் எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் கொடி பறக்கும்.

நாகூர்க்காரி எழுதியது:

நஞ்சு இல்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. 2004 செப்டம்பரில் கேரளத்தில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கடலில் பாசி பெருகி நாற்றம் எழுந்தபோது, இருநூறுக்கும் மேற்பட்டோர் குமட்டலாலும் மூச்சுத் திணறலாலும் துன்பப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நம் மாநிலத்திலேயே 1981இல் பாசி நஞ்சினால் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அப்படியொன்று நாகையில் நடந்த பிறகுதான் நாம் கொடியைத் தேட வேண்டுமா?

கரைவலை எழுதியது:

1981இல் இறந்தவர்கள் மட்டி தின்று இறந்தவர்கள். கடலில் குளித்து இறந்தவர்கள் அல்லர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் படிப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பாசியில் குளித்து உயிர்விட்ட ஒருவரையும் நான் அறியேன். அலை உடைந்து திரும்பும் இடத்தில் உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர்களையோ எங்கள் ஆட்கள் எத்தனையோ முறை தூக்கி வந்திருக்கிறார்கள். கரையில் நிறுத்த ஓர் ஆள் கிடைத்தால், அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இழுவையைத்தான்.

சங்கமுகம் எழுதியது:

நீங்கள் இருவரும் திறந்த கடலைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை முகத்துவாரத்தைப் பற்றியது. பூம்புகாரில் வாழ்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படும். இடைப்பட்ட நான்கரை மாதங்களில் காவிரியும் அதன் கிளையாறுகளும் கடைமடையில் கடலைத் தொடுவதற்குத் தண்ணீர் இருப்பதில்லை. தள்ளுவதற்கு ஆற்றுநீர் இல்லாதபோது அலை மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடுகிறது. மணல்மேட்டுக்கு உள்ளே உப்பும் நன்னீரும் கலந்த ஒரு குட்டை தேங்கி நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் நின்றாலும் ஊர்களிலிருந்து சாக்கடை வருவது நிற்பதில்லை. இறால் குட்டைகளை அறுவடைக்காக வடிக்கும் நீர், தீவன எச்சமும் கழிவுமாக, வாய்க்கால் வழியே அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. வெயிலில் அது பச்சைக் கஞ்சியாகிறது. தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை.

அலை இல்லை, இழுவை இல்லை, இடுப்பளவு ஆழம்தான் என்பதாலேயே வெளியூர்ப் பெற்றோர் சின்னஞ்சிறு குழந்தைகளை அந்தக் குட்டையில்தான் இறக்கி விடுகிறார்கள். கடலைவிட அது பத்திரம் என்று மனமார நம்புகிறார்கள். குழந்தைகளோ விளையாட்டில் அந்த நீரை வாய் வாயாகக் குடிக்கிறார்கள். திறந்த கடலில் மிதக்கும் தூசியை அடுத்த அலை அடித்துக்கொண்டு போய்விடும். இந்தக் குட்டையிலிருந்து எதுவும் எங்கும் போவதில்லை. நாகை மாவட்டத்தில் பணியாற்றிய காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதற்குப் பிறகு 2005இல் தனிச் சட்டமும் வந்தது. ஆயினும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி கட்டாயம் என்ற விதி, அப்போது பொதுவாக ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குத்தான் வகுக்கப்பட்டது. நம் பக்கத்தில் சிறு பண்ணைகள் எத்தனை என்பதை ஊரார் அறிவார்கள். தடை வேண்டுமென்றால் அங்கே வேண்டும். கோடை முழுவதும் வேண்டும்.

உவர்நிலம் எழுதியது:

இரண்டு ஏக்கரில் இறால் வளர்ப்பவன் நான். வடிநீரில் சத்து மிகுந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. நான் அதைக் கால்வாயில் விடுமுன் தனிக் குட்டையில் தேக்கிப் படியவைக்கிறேன், என்னைப் போல் செய்பவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் நகரத்துச் சாக்கடையை ஒரே வரியில் கடந்துவிட்டுப் பண்ணைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது முறையாகாது. மலக் கிருமி இறாலிலிருந்து வருவதில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

உவர்நிலம் ஐயா சொன்ன கடைசி வரி முக்கியமானது. கடல்நீர் குளிப்பதற்கு ஏற்றதா என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவுகோலில், 100 மில்லிலிட்டர் நீரில் மலக் கோலிஃபார்ம் என்னும் மலக் கிருமி 100க்கு மேல் இருக்கக்கூடாது. அந்தக் கிருமிக்கு நிறமில்லை. கண்ணாடி போல் தெளிந்த நீரிலும் அது இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்துக் கொடி கட்டுவதில் உள்ள குறை அதுதான். சோதனையையே நம்பியிருப்பதிலும் குறை உண்டு. கிருமியை வளர்த்து எண்ணி முடிக்க ஒன்றிரண்டு நாட்களாவது ஆகும் என்பதால், முடிவு வரும்போது குளித்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஹைதராபாத்திலுள்ள மத்திய அரசின் கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் 2021 முதல் செயற்கைக்கோள் வழியாகப் பாசிப் பெருக்கத் தகவல் தருகிறது. அது சிறப்பாகக் கவனிக்கும் இடங்கள் வடகிழக்கு அரபிக்கடல், கேரளக் கரையோரம், மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர் ஆகிய நான்கு. காவிரிப் படுகையின் கரை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நம் கரையை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் கடல்நீரை எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். வண்டலாக இருந்தால் அடியில் படியும். மிதக்கும் பாசியாக இருந்தால் கழுத்தருகே வளையமாகக் கூடும். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்த்து, பச்சை நீரில் உங்கள் பாதம் தெரியவில்லை என்றால் குழந்தைகளை இறக்காதீர்கள்.

நாகூர்க்காரி எழுதியது:

சங்கமுகம் ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். முகத்துவாரக் குட்டைகளில் ஆற்றுநீர் வந்து வாய் திறக்கும்வரை குளியலுக்குத் தடை வேண்டும். திறந்த கரைகளில் தடைக்குப் பதிலாக, அன்றன்று காலையில் நீரின் நிலையை எழுதும் ஒரு பலகை போதும். அதை எழுதும் வேலையை, கடலறிந்த மீனவர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துத் தர வேண்டும். கரைவலை அண்ணன் சொன்ன இழுவையையும் அவரே எழுதலாம். ஆனால் அந்தப் பலகை வரும்வரை, படலம் மிதக்கும் நாளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மணலில்தான் விளையாடுவார்கள். அதில் நான் இறங்கிவரத் தயாராக இல்லை.

கரைவலை எழுதியது:

அது உங்கள் உரிமை, சகோதரி. சம்பளத்துக்கு ஆள் வரும்வரை என்னால் ஆனதைச் செய்கிறேன். இன்று விடியற்காலை இரண்டு பாட்டில்களில் நீர் எடுத்து வந்தேன். திறந்த கரையில் எடுத்ததில் ஒரு மணி நேரத்தில் வண்டல் அடியில் படிந்து மேலே தெளிந்துவிட்டது, ஒன்றும் மிதக்கவில்லை. அடைபட்டுக் கிடக்கும் ஆற்றுவாயில் எடுத்த நீர் மதியம் வரையிலும் தெளியவில்லை. மேலே விரற்கடை அளவுக்குப் பச்சை வளையம் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.