புதுப்பிப்பு: கேம்பைலோபாக்டர் கடைசியில் வளர்ந்துவிட்டது

டர்பனிலிருந்து மறுபடியும் நான்தான். வயிற்றுப்போக்கு மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமி வளரவே இல்லை, வளர்ப்புத் தட்டுகள் எல்லாம் வெறுமை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

மெழுகுவர்த்தி ஜாடியை, அதாவது தட்டுகளோடு எரியும் மெழுகுவர்த்தியையும் வைத்து மூடும் ஜாடியை, நம்பினேன். திரி அணைந்தால் ஆக்சிஜன் தீர்ந்தது என்று நினைப்பு. தீர்வதில்லை. கார்பன் டை ஆக்சைடு சுமார் 3 சதவீதத்துக்கு ஏறும். ஆக்சிஜனோ 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கும். கொனோரியா கிருமிக்கு அது போதும். கேம்பைலோபாக்டருக்கோ ஆக்சிஜன் 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதம், மீதி நைட்ரஜன் என்று இருக்க வேண்டும். கூடினாலும் கோபம், அடியோடு இல்லாவிட்டாலும் கோபம். கல்யாண வீட்டுச் சம்பந்தியேதான்.

சரி, ஜாடிக்குள் இந்த வாயுக் கலவையை உண்டாக்கும் பை வாங்கினேன். உறையைக் கிழித்து ஒரு நிமிடத்துக்குள் ஜாடியை மூடிவிட்டேன். 42 டிகிரி, 48 மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கக் கை அரித்தது, திறக்கவில்லை. அந்த 2 நாளும் மின்வெட்டு வராதது என் அதிர்ஷ்டம்.

கரி கலந்த அகார் என்ற வளர்ப்புக் கூழில் சாம்பல் நிறத்தில் ஈரமாகப் படர்ந்திருந்தது. கிருமிகளுக்கு நிறமேற்றும் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நம் கடற்கரையில் பறக்கும் கடற்காக்கையின் இறக்கை போல வளைந்த கிருமிகள். கிருமியை அடையாளம் காண உதவும் ஆக்சிடேஸ் சோதனையும் பாசிட்டிவ். ஜாடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. போன முறை அதுவும் வெடித்துத்தான் கிடந்தது.