பண்டிகைக்கு நாய்க்கும் பூனைக்கும் வீட்டிலேயே பிஸ்கட் செய்யலாமா?

கேள்வி: பண்டிகைக்கு எங்க நாய்க்கும் பூனைக்கும் நானே ஏதாவது செஞ்சு தரணும்னு ஆசை. ரெண்டுக்கும் ஒரே பிஸ்கட் போதுமா? வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்கலாமா?

பதில் 1: சேர்க்கலாம், ஆனா லேபிளைப் படிச்சிட்டுச் சேருங்க. சர்க்கரைக்குப் பதிலாச் சேர்க்கிற சைலிட்டால்ங்கிற இனிப்பு இருந்தா நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டுனு இறங்கிடும், கல்லீரலும் கெடும். சில டப்பாவில 'பிர்ச் சர்க்கரை'ன்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு எதுவும் கூடவே கூடாது. வெங்காயப் பொடி கலந்த சூப்பையும் சேர்த்துதான் சொல்றேன்.

பதில் 2: பூனைக்கு மாவு பிஸ்கட் எதுக்குங்க? அதுக்கு இறைச்சிதான் சாப்பாடு. உப்பில்லாம வேகவெச்ச கோழிக்கறியை நார்நாராப் பிச்சு, ஆறினதும் வைங்க. எலும்புத் துணுக்கு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, வெந்த எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும்.

பதில் 3: நாய்க்கு மசிச்ச பூசணி, ஓட்ஸ் மாவு, முட்டை போதும். இந்தத் தின்பண்டம் அன்றைய கலோரியில 10 சதவீதம் தாண்ட வேண்டாம்.