உப்புக்காற்று அடிக்கிற வீட்டுக்கு 6 லட்சம் ரூபாய் பாட்டுச் செட் வாங்கலாமா?

உப்புவெளியான்:
எங்கள் வீட்டில் இருந்து கடல் 200 மீற்றர்கூட வராது. பத்து வருஷத்துக்கு முன் 45,000 ரூபாய்க்கு வாங்கிய சின்ன அம்பும் (ஆம்ப்ளிஃபையர்) இரண்டு ஸ்பீக்கரும்தான் இருக்கிறது. போன கிழமை கொழும்பில் ஒரு கடையில் 6 லட்சம் ரூபாய் செட் ஒன்றில் தவில் கேட்டேன், அன்றில் இருந்து வீட்டில் எதைப் போட்டாலும் தகர டப்பாவுக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. கனடாவில் இருக்கிற மச்சான் பாதிக் காசு தருகிறேன் என்கிறான். அந்த விலைக்கு உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை கடைதான் என்னை மயக்கினதா? நான் கேட்பது இரவில், அம்மா படுத்த பிறகு, மெதுவாக.

டச்சுக்குடா:
கடை மயக்கியிருக்கும். ஒரே பாட்டை இரண்டு செட்டில் போட்டு ஒன்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், அடுத்த முறை சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். வாட் கணக்கைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், 10 வாட்டுக்குப் பதில் 100 வாட் போனால் கூடுவது 10 டெசிபல், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தம், அவ்வளவுதான். வயருக்கும் தனியாகக் காசு கொட்ட வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 3 மீற்றர் போய்வந்தால் தடை 0.05 ஓம்கூட வராது.

பழைய ரேப்:
வயர் விஷயத்தில் சரி, மற்றதில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 4 லட்சம் போட்டவன் நான், வருத்தமே இல்லை. தவிலின் தொப்பியில், அதாவது கழியால் அடிக்கிற பக்கத்தில், கழி விழுவது 5 அங்குல ஸ்பீக்கர்க் கோனில் வெறும் 'டக்', 8 அங்குலத்தில் அது நெஞ்சில் விழும், ஏனென்றால் கீழ்ச்சுருதிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஆனால் நீங்கள் மெதுவாகக் கேட்கிற ஆள். சத்தம் குறையக் குறையக் காது முதலில் விடுவது அந்தக் கீழ்ச்சுருதியைத்தான், பழைய அம்புகளில் 'லவுட்னஸ்' பொத்தான் வைத்ததே அதற்குத்தான். அந்த நேரத்தில் 6 லட்சமும் பாதி நித்திரையில்தான் இருக்கும்.

உவர்மலை ரிப்பேர்:
தம்பி, அறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. கீழே ரைல்ஸ், சுற்றிவர வெறும் சீமெந்துச் சுவர் என்றால் நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். 'கிர்ர்' என்று திரும்பி வந்தால் எந்த விலைச் செட்டும் அதற்குள்தான் பாட வேண்டும். தடித்த திரைச்சீலை, பாய், புத்தக அலுமாரி எல்லாம் உதவும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குழம்பும், முன்னால் இழுங்கள். பிறகு கோனின் விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து ஈரத்தில் ஃபோம் நாளடைவில் உளுத்துப்போகும், வயர் பூட்டுகிற முனைகளில் பச்சை பிடிக்கும், விலை கூடிய செட் என்று உப்பு பார்க்காது.

உப்புவெளியான்:
கை தட்டினேன், கிர்ர் வந்தது, அம்மாவும் எழும்பி வந்து உனக்கென்னடா பிடித்தது என்று கேட்டார். அண்ணை, விளிம்பை விரலால் தொட்டேன், கறுப்பாகத் தூள்தூளாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

உவர்மலை ரிப்பேர்:
ஃபோம்தான், முடிந்துவிட்டது. டப்பாச் சத்தத்தில் பாதி அதுதான். இனித் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், ரப்பர் விளிம்பு ஒட்டித் தருகிறேன். மச்சானிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.