கண்டியின் கடைசி மன்னன் வீழ்ந்தது கொடுமையாலா, சூழ்ச்சியாலா?

மகாவலிக்கரை:
ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அந்நியரின் வஞ்சகத்துக்கு இரையான உத்தமன் என்று எழுதும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவருகிறது. அவன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், கண்ணுசாமி என்ற இயற்பெயருடையவன் என்பதால் நமக்கு எழும் பற்று இயல்பானதே. ஆனால், 1814இல் அவனுடைய முதலமைச்சர் எகலப்பொல கலகம் செய்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது, எகலப்பொலவின் மனைவியும் சிறு பிள்ளைகளும் மன்னனின் ஆணையால் கண்டியில் கொல்லப்பட்டார்களே, அதை எந்தப் பற்றினால் மறைப்பது? தாயே பிள்ளைகளின் தலைகளை உரலில் இட்டு இடிக்க வைக்கப்பட்டாள் என்னும் கதையை முற்றாக நீக்கிவிட்டாலும், தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளைகளின் உயிர் பறிக்கப்பட்டது என்ற உண்மை எஞ்சி நிற்கிறது. கண்டி ஏரியைப் பார்த்து வியக்கும் நாம், வயல் நிலத்தில் அணை கட்டி நீர் தேக்குவதற்காக இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பெயரில் மண் சுமக்க வைக்கப்பட்ட குடியானவர்களையும் நினைக்க வேண்டும்.

பாலாற்றங்கரை:
அந்தக் கொலைகளை நானும் நியாயப்படுத்தவில்லை. கால வரிசையைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். 1798இல் பதினெட்டு வயது இளைஞனை அரியணையில் ஏற்றியவர் மகா அதிகாரியான (முதலமைச்சர்) பிலிமத்தலாவ. அவரே அடுத்த ஆண்டில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த்தைச் சந்தித்து, அம்மன்னனை அகற்றுவது பற்றிப் பேரம் பேசினார். அப்போது எந்தக் கொடுமை நடந்திருந்தது? 1803இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து, அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமி என்பவரை மன்னராக்கிப் பார்த்து, பெருந்தோல்வியுடன் அழிந்தது. அதன்பின் ஆங்கிலேய அதிகாரி ஜான் டொய்லி ஆண்டுக்கணக்கில் ஒற்றர்களையும் கடிதங்களையும் கொண்டு பிரதானிகளின், அதாவது கண்டிப் பிரபுக்களின், மனத்தைக் கலைத்தார். தன் அவையில் எவரை நம்புவது என்று அறியாத அரசன் கொடியவனாக மாறியதில் அந்தச் சூழ்ச்சிக்குப் பங்கில்லையா?

மகாவலிக்கரை:
பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சம் கொடுமைக்குக் காரணமாகலாமே ஒழிய, அதற்கு மன்னிப்பாகாது. 1803இல் ஆங்கிலேயரை விரட்டிய அதே கண்டி நாடு, 1815 பெப்ரவரியில் ஏறக்குறையப் போரே இல்லாமல் விழுந்ததற்கு நீங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்? மலைப் பாதைகள் மாறிவிடவில்லை, அந்தப் படையை வாட்டிய காய்ச்சலும் மாறிவிடவில்லை. பிரதானிகள் மட்டுமன்றி, மக்களும் அவனைக் கைவிட்டிருந்தார்கள் என்பதே என் முடிவு.

பாலாற்றங்கரை:
பிரதானிகள் கைவிட்டார்கள் என்பது சரி. மக்களைப் பற்றிய உங்கள் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. மார்ச் 2 அன்று கண்டி அரண்மனையின் அவை மண்டபமான மகுல் மடுவத்தில் படிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம், 'மலபார்' (தென்னிந்தியரை ஆங்கிலேயர் அழைத்த பெயர்) அரசனின் கொடுமைகளைக் காரணம் காட்டி அவனை நீக்கியதோடு நின்றதா? அவனுடைய ஆண் உறவினர் அனைவரையும் பகைவராக்கி, அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தது. ஒருவனுடைய கொடுமைதான் குறை என்றால், உறவுக் கூட்டம் முழுவதையும் ஏன் விலக்க வேண்டும்? நாயக்கர் உரிமைக்கு மக்களிடம் இன்னும் செல்வாக்கு இருந்ததை ஆங்கிலேயர் நன்கு அறிந்திருந்தார்கள். மூன்றாண்டுக்குள் அது மெய்யானது. 1817இல் கண்டி நாட்டின் ஊவாப் பகுதியில் கிளர்ச்சி மூண்டபோது அரியணைக்கு உரிமை கோரியவர், தம்மை நாயக்க உறவினரான துரைசாமி என்று அறிவித்தே மக்களைத் திரட்டினார். அவர் உண்மையில் சிங்களவரான வில்பாவே என்பதை நினைத்தால், அந்தப் பெயருக்கு எத்தனை மதிப்பு இருந்தது என்பது விளங்கும்.

மகாவலிக்கரை:
இது வலுவான வாதம். மக்கள் அவனைக் கைவிட்டார்கள் என்று நான் பொதுப்படச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எனினும் ஒன்று: அவர்கள் தேடியது துரைசாமியை, வேலூரில் சிறையிருந்த மன்னனை மீட்டு வருவோம் என்று அவர்கள் எழவில்லை. மரபின் மீது பற்று இருந்தது, அந்த மனிதன் மீது அது இருந்ததா என்பதே என் ஐயம்.

பாலாற்றங்கரை:
அந்த ஐயத்தை என்னால் முழுமையாகத் தீர்க்க இயலவில்லை. ஆனால் எகலப்பொலவின் முடிவையும் கணக்கில் சேருங்கள். மனைவி மக்களை இழந்து, அந்நியரை வழிநடத்தி வந்த அவரையே ஆங்கிலேயர் ஐயுற்றுச் சிறைப்பிடித்து, 1825இல் மொரீசியசுக்கு நாடு கடத்தினார்கள், அங்கேயே இறந்தார். 1832இல் வேலூரில் இறந்த மன்னனைப் போலவே, அவரும் கண்டியை மறுபடி காணவில்லை.